நான்கு மணித் திசை

குணவதியின் ரைஃபிள் மறுபடி மேசைக்கு வந்திருக்கிறது.
கூடவே அட்டை: பத்துக் குண்டு, பத்து ஊர்.
"பேரல்தான் மேடம், சத்தியமா பேரல்தான்"
என்றாள், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
அடுத்த மாதம் போட்டி.
போன வருடமும் இதையே சொன்னாள்,
எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

கோரிமேட்டு ஆயுதக்கிடங்குக்கு ஒரே ஜன்னல்.
அதன் வழியே கடல் தெரியாது,
உப்பு மட்டும் வரும்.
ஜிப்மருக்குப் போகும் ஆம்புலன்ஸ் சத்தமும்.

பஞ்சுத்துணியைத் தண்டில் கோத்துத் தள்ளினேன்.
சரசரவென்று போனது,
வாய்க்கு ஒரு சாண் முன்னால்
நின்று, யோசித்து, பிறகு போனது.
மறுபடி தள்ளினேன். அதே இடம்.
விளக்கைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை,
சுற்றிச் சுற்றிப் போகும் வரிப்பள்ளங்கள்,
வெளிச்சத்தை ஈரத்துணியாய் முறுக்கிப் பிழிந்தது மாதிரி.
கைக்குத்தான் தெரிகிறது:
மயிரிழையில் பாதி
இறுக்கம்.

ஈயத்தை உருக்கி உள்ளேயே வார்த்தேன்.
ஆறியதும் அது
இந்தக் குழலுக்கு மட்டுமே பொருந்தும் உடம்பு.
பேஸ்ட் தடவி, எண்ணெய் விட்டு
இழு. தள்ளு.
தண்டு தானாகத் திரும்புகிறது,
நான் திருப்பவில்லை, பள்ளம் அழைத்துப் போகிறது.
ஒன்றை மறக்கக் கூடாது:
ஈயம் வாய்க்கு வெளியே தலை காட்டிவிட்டால்
விளிம்பு அகன்றுவிடும். பிறகு பேரலை
அவரைக்கொடிக்குக் கம்பாக நடலாம்.

எண்பதுவரை எண்ணினேன்.
எண்பத்தொன்றில் மகனின் பள்ளிக் கட்டணம் குறுக்கே வந்தது.
துடைத்தேன், பஞ்சைத் தள்ளினேன்,
இன்னும் கொஞ்சம் யோசிக்கிறது.
மறுபடி ஒன்றிலிருந்து.
சாம்பல் நிறத்தில் வெளியே வரும் இந்தச் சேறு
இரும்பா, ஈயமா,
அவள் சொன்ன காரணங்களா, தெரியவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம்
பஞ்சு ஒரே மூச்சில் போனது.
ஏனோ நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை, சுடுதளம். காற்று இல்லை.
குணவதி குப்புறப் படுத்துக்
கன்னத்தைக் கட்டையில் வைத்தாள்.
ஐந்து.
தொலைநோக்கியில் நான்தான் முதலில் பார்த்தேன்.
ஐந்தும் ஒரே துளை,
ஒரு மிளகு போட்டால் அடைபடும்.
ஆனால் நான்கு மணித் திசையில்,
வலப்பக்கம், சற்றே கீழே,
கல்யாண வீட்டில் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பவன்போல.

மறுபடி ஐந்து. அதே மிளகு.

வெகுநேரம் அவள் எழவில்லை.
வீராம்பட்டினத்தில் படகு தள்ளியபோது
உடைந்து, கோணலாய்க் கூடிய தோளெலும்பு.
வேலைக்குச் சேரும்போது யாருக்கும் சொல்லாதது.
எனக்கும் இப்போதுதான்.
"அப்போ நான்தான்" என்றாள் மணலைப் பார்த்து.
அழுகிறாள் என்று நினைத்தேன்.
"தப்பைக்கூட ஒழுங்கா பண்றேன் மேடம்,
ஒரே மாதிரி."
தோள் குலுங்கியது சிரிப்பில்.

சைட் திருகை
இடப்பக்கம் மூன்று கிளிக், மேலே இரண்டு.
அதற்கு அரை நிமிஷம் ஆனது.

பதிவேட்டில் 'பழுது' என்றொரு கட்டம்.
பேரல் என்று எழுதினால் பாதி பொய்.
தோள் என்று எழுதினால்
டாக்டரிடம் அனுப்புவார்கள், போட்டி போய்விடும்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே
பக்கத்துக் கட்டத்தை முதலில் நிரப்பினேன்:
உட்புறம் மெருகிடப்பட்டது.
எண்ணெய், ஐம்பது மில்லி.
ஈயம், திரும்ப வைக்கப்பட்டது.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட வருவார்.