உப்பு நீர்

உறையை நானே பிரித்தேன்,
செதில் ஒட்டிய விரலோடு.
"உங்களுக்கு ஏற்றப்பட்டது உப்பு நீர்"
என்றிருந்தது. கீழே முத்திரை.

எட்டு வாரத்துக்கு ஒரு முறை, பத்து முறை,
உசெங்கே கரையிலிருந்து இரண்டு மட்டாட்டு வேன் மாறி,
கூடையை யார் தலையிலாவது கட்டிவிட்டு,
சாய்வு நாற்காலியில் கையை நீட்டிப் படுத்து
சொட்டுக்களை எண்ணியதெல்லாம்
உப்பு நீருக்கு.

சிரித்துவிட்டேன்.
பத்தொன்பது வருடமாக மீனைக் கீறி
உப்பு வைக்கிறவள் நான்.
எனக்கு வைத்தது ஒரு கணினி.

ஏமாற்றினார்கள் என்று சொல்லமாட்டேன்.
மூன்றில் ஒருவருக்கு மருந்து இருக்காது,
யாருக்கென்று நர்ஸ் செப்தூவுக்கும் தெரியாது:
முதல் நாளே சொன்னார்கள்,
லுவோ மொழியில், இரண்டு தடவை.
எங்கோ ஒரு நோயாளியின் ரத்தத்தில்
கிருமியின் கழுத்தைப் பிடிக்கிற புரதம் இருந்ததாம்.
அந்த ஆளுக்கு அது பிந்தி வந்துவிட்டது.
மற்றவருக்கு முந்தி வருமா என்று பார்க்கிறார்களாம்.
ஆணா பெண்ணா என்று கேட்டேன்.
எண் மட்டும்தான் தெரியும் என்றார்கள்.
நானும் அங்கே எண்தான். நானூற்றுப் பதினேழு.

கரையில் வேறு பேச்சு.
அந்தக் கட்டடத்துக்குப் போகிறாள் என்றால்
வந்துவிட்டது என்று அர்த்தம்.
ஒரு வாடிக்கைக்காரர்
வாங்கிய மீனைத் திருப்பிக் கொண்டுவந்தார்.
படகுக்காரர்களுக்கு மீனில் இரண்டு விலை.
ஒன்று ஷில்லிங்.
மற்றதை நான் சொன்னபோது
செப்தூ முகம் மாறாமல்
படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டாள்.
அதற்கும் ஒரு கட்டம் வைத்திருந்தார்கள்.

அபோந்திக்கு வந்தது அசல் மருந்து.
ஏழாவது முறை போனபோது
அவள் பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு.

எப்படி என்று கேட்டேன்.
சில வகைக் கிருமியை அது தடுத்தது,
அவளிடம் வந்தது வேறு வகை என்றார் மருத்துவர்.
சுவரில் படம் வரையத் தொடங்கினார்.
வேண்டாம், புரிந்தது என்றேன்.
பெர்ச் வலையில் ஒமேனா நிற்குமா?
வலை கிழியவில்லை.
கண் பெரிது.

உப்புத்தானே எனக்கு, என் கணக்கு எதற்கு என்றேன்.
நீங்கள் இல்லாவிட்டால்
எதோடு ஒப்பிடுவது என்றார்.
அதுவும் சரி.
உப்பில்லாவிட்டால் பண்டம் மட்டுமா,
கணக்கும் குப்பைக்குத்தான்.

ஆனால் இதை அபோந்தியிடம் போய்ச் சொல்ல முடியுமா?
வெறும் நீர் ஏறிய நான் நிற்கிறேன்,
காவல் ஏறிய அவள் இரவு ஒன்பது மணிக்கு
வானொலிச் செய்தி தொடங்கும்போது
மாத்திரை விழுங்குகிறாள்.
மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.
நான்காவது வாரம்
என் மூட்டையிலிருந்து கேட்காமல்
ஒரு படி உப்பு அள்ளிக்கொண்டாள்.
நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள்.
இந்த முறை மூன்று புரதம்,
ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வலை.
தடுப்பூசி என்றும் ஒன்று வரும்,
உடம்பே வலை பின்னக் கற்றுக்கொள்ளும் என்கிறாள் செப்தூ.
எப்போது?
தெரியாது என்றாள்.
அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

"இதிலும் உப்பு உண்டா?"
"உண்டு."
"யாருக்கு என்று..."
"தெரியாது."

இடது கையில் நரம்பு ஒளிந்துகொண்டது,
வலதில் பார்.
கூடை அபோந்தியிடம் இருக்கிறது,
நாலு மணிக்குப் படகு.
சீக்கிரம் குத்து.