பதினாறு இதழ்

புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள் பயிற்சி.
கட்டணம் பன்னிரண்டாயிரம், ஜிஎஸ்டி தனி.
வெள்ளைப் பலகையில் சம்மணமிட்ட ஓர் உருவம்,
முதுகெலும்பு நெடுக வட்டங்கள்.
"உங்கள் கம்பெனியும் ஓர் உடம்புதான்" என்றார் பயிற்சியாளர்.
மூலாதாரம் என்றால் கையிருப்பு, காலூன்றும் தரை.
மணிபூரகம் முடிவெடுக்கும் நெருப்பு.
அனாகதத்துக்குப் பக்கத்து நாற்காலியின் கையைப் பிடிக்கச் சொன்னார்.
எனக்கு வாய்த்தவர் டைல்ஸ் வியாபாரி,
உள்ளங்கையில் சிமெண்டுச் சொரசொரப்பு.
மதியச் சாப்பாடு நீண்டுவிட்டதில்
சகஸ்ராரத்துக்கு நேரமில்லை.
சான்றிதழ் மட்டும் கொடுத்தார்கள்.

கெடிலம் பாலம் தாண்டி
முதுநகருக்குள் வண்டி நுழைய
உப்பும் டீசலும் கருவாடும்
கண்ணாடியை இறக்கும் முன்பே உள்ளே வந்துவிட்டன.
தடைக்காலம் முடிய மூன்று நாள்.
துறைமுகத்தில் படகுகள் புதுப் பெயிண்டில் நின்றன.
என் ஐஸ் ஆலையில்
ஐம்பத்தெட்டு நாளாகப் பாதிக் கூலி.
அதை நான் யாரிடமும் வாய்திறந்து சொல்லவில்லை,
வாட்ஸ்அப்பில் போட்டேன்.
பதினாறு பேரும் பார்த்தார்கள்.
ஒருவரும் பதில் போடவில்லை.

ஐஸ் வெளியிலிருந்து உள்ளே உறையும்.
உப்புநீர்த் தொட்டியில் இறக்கிய கேனின்
சுவரில் முதலில், நடுவில் கடைசியில்.
தண்ணீரின் கசடெல்லாம் உறைவுக்கு முன்னால் ஓடி ஓடி
நடுவில் போய் வெள்ளையாய் அடைந்துகொள்ளும்.
அதைத் தங்கவிடாமல்
ஒவ்வொரு கேனுக்குள்ளும் ஒரு மெல்லிய குழாய்
மூச்சுபோலக் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.

சோதனைக்கு எடுத்த முதல் பாளம்
நடுவில் பாலாய் வெளுத்திருந்தது.
"காத்து நின்னு போச்சுக்கா" என்றார் வேம்புலி.
"எப்போலேர்ந்து?"
"ஒரு மாசமா."
"சொல்லவே இல்லையே?"
"நீங்களும்தான் சொல்லல."

விசுத்தி என்று அவர் தொட்டுக் காட்டியது
காலருக்குச் சற்று மேலே.
நீல நிறம், பதினாறு இதழ்.
தலைவரின் குரல் அங்கேதான் பிறக்கிறதாம்.
என் தொண்டையில் பிறந்தது இருமல்.
அம்மோனியா கசிகிறதோ என்று
வேம்புலி திரும்பி வால்வைப் பார்த்தார்.

"பாதிக் கூலின்னு நான் நேர்ல சொல்லிருக்கணும்.
முதல்ல உங்களக் கேட்டிருக்கணும்.
தப்பு என்னோடது."

கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.
என் அடிவயிறு நடுங்கியது,
மணிபூரகத்துக்கும் கீழே எங்கோ,
பெயர் மறந்துபோன வட்டத்தில்.

யாரும் கண் கலங்கவில்லை.
கணக்கு எழுதும் இருதயமேரி பேனாவைக்கூட மூடவில்லை.
வாசலில் மீன்பாடி வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.
கொக்கியால் பாளத்தை இழுத்தபடி
கன்னியப்பன் கேட்டார்,
"மிச்சப் பாதி எப்போ?"

பலகையில் ஆக அடியிலிருந்த வட்டம்.
சிவப்பு, நாலு இதழ்.
நான் ஏறிக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.
அவர் கையைப் பிடித்துத் தரையில் இறக்கிவிட்டார்.

"ஆனி கடைசிக்குள்ள."
"தேதி சொல்லுங்க."
இருதயமேரி நோட்டைப் புரட்டினாள்.
மின்கட்டணம், வங்கித் தவணை, உப்பு மூட்டை பாக்கி,
பயிற்சிக் கட்டணம் பன்னிரண்டாயிரம்.
அந்த வரியில் அவள் விரல் கொஞ்சம் நின்று நகர்ந்தது.
"இருபத்தெட்டு" என்றேன்.
ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில்
வேம்புலி சாக்பீஸால் பெரிதாக எழுதினார்.
சான்றிதழ் மாட்ட நான் பார்த்துவைத்திருந்த இடம்.

பிறகு ஒரு கம்பியை விட்டுக் குழாயைக் குத்தினார்.
முதலில் துரு வந்தது, கொஞ்சம் பாசி,
அப்புறம் கேனுக்குள் குமிழிகள்,
நாலு, ஆறு, பத்து,
எண்ணுவதை விட்டுவிட்டேன்.
இந்தத் தண்ணீர் உறைய
இரண்டு நாளாகும்.