எழுபத்தைந்து வாட்

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி
ஸ்டிக்கரைப் படம்பிடித்து வந்திருந்தேன்:
இருநூற்று நாற்பது வாட்.
வங்கி ஏலத்தில் எடுத்த கணினி.

மார்த்தாண்டத்துக் கடையில் ரெக்ஸ்லின்
மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.
கண்ணாடி அலமாரியில்
மூன்று விசிறி வைத்த கார்டு மினுங்கியது.
"அது தின்னுத சோறு உங்க வீட்டுல இல்லக்கா."

ஆறு பின் வயர் வேண்டுமாம். என்னிடம் இல்லை.
ஒட்டு வயர் விற்கிறார்களே?
"விக்கோம். உங்களுக்கு நான் விக்கமாட்டேன்."

பழைய பில்லின் முதுகில் கூட்டினேன்.
ப்ராசஸர் அறுபத்தைந்து,
ஹார்ட் டிஸ்க் இரண்டுக்கும் இருபது,
போர்டு, மெமரி எல்லாம் நாற்பது.
மிச்சம் நூற்றுப் பதினைந்து,
ஸ்டிக்கர் பொய் சொல்லாவிட்டால்.

எழுபத்தைந்து கேட்கும் குட்டிக் கார்டு.
தனி வயர் வேண்டாம்,
போர்டே ஊட்டிவிடும்.
நீளத் தகட்டைக் கழற்றிக் குட்டைத் தகட்டைப் பூட்டித் தந்தான்.

குளச்சல் கல்யாணம், ஞாயிறுக்குள் கொடுக்கணும்.
நாலு மணிநேரக் காட்சி.
மணப்பெண் சிரிக்கத் தொடங்கும் இடத்தில்
ஒவ்வொரு முறையும் திரை உறைந்து
அடுத்த ஷாட்டுக்குத் தாவும்.

இரவு பதினொன்றுக்கு ஓடவிட்டேன்.
பெட்டியின் பின்னால் கைவைத்துப் பார்த்தேன்.
சூடு. ஆனால் கருகல் வாசனை இல்லை.

உறையாமல் சிரித்தாள்.
சிரித்து முடித்ததும்
கூட்டத்தைத் தாண்டி
கோயில் வாசலில் யாரையோ தேடினாள்.

இத்தனை நாளும்
நான் அதைப் பார்த்திருக்கவில்லை.