திருப்பிப் போட்ட லென்ஸ்

லென்ஸைக் கழற்றித் தலைகீழாய் மாட்டினால்
சின்னது பெரிதாகும் என்று
யாரோ சொன்னதை நம்பி
நூற்றெண்பது ரூபாய்க்கு ஒரு வளையம் வாங்கினேன்.
அந்த மாதம் மெஸ் பாக்கி.

கோத்தகிரியில் காலை ஆறேகால்.
விடுதிச் சுவருக்குப் பின்னால்
தேயிலைச் சரிவு தொடங்கும் இடத்தில்
முழங்கால் நனைய மண்டியிட்டிருக்கிறேன்.
ஷெரின் டார்ச் பிடிக்கிறாள், கொட்டாவியோடு.
டார்ச்சின் வாயில் கழுவிய பால் கவர்,
ரப்பர் பேண்டு போட்டு.
வெளிச்சம் மெத்தென்று விழ அதுதான் வழி.

ஃபோகஸைத் திருகிப் பயனில்லை.
உடம்பையே நகர்த்தவேண்டும்
ஓர் அரிசி அகலம்.
அதிலும் பாதி.
மூச்சு விட்டால் கண்ணாடி பனிக்கும்.
அடக்கினால்
நாடித்துடிப்பில் படம் ஆடும்.
எனக்குள் இத்தனை ஆட்டம் இருப்பது
அதுவரை தெரியாது.

எல்லாம் கூடி வருகிற நொடியில்
மேட்டுப்பாளையம் பஸ் வளைவில் ஹாரன் அடிக்கும்.
பஸ் போய்
வெகுநேரம் கழித்தும்
இலை ஆடிக்கொண்டிருக்கும்.

இலைநுனியில் ஒரு தாவும் சிலந்தி.
கடுகுக்குக் கொஞ்சம் பெரிசு.
முதல் நாள் அதன் முதுகுதான் கிடைத்தது.
இரண்டாம் நாள் பனித்துளி மட்டும்.
ஒன்பதாம் நாள்
அதே செடியில், அதே இலை மடிப்பில்,
சட்டென்று திரும்பி
என்னைப் பார்த்தது.
ஓடவில்லை.
நான் நகர நகர
அதுவும் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது,
லேட்டாய் வருகிறவளை வார்டன் பார்ப்பதுபோல்.

இருநூற்றுப் பதினொன்று எடுத்து
இருநூற்றெட்டை அழித்தேன்.
மிச்சம் மூன்றில்
நடுக்கண் இரண்டும் கறுத்த கண்ணாடிக் குமிழ்.
ஒவ்வொன்றிலும் வெள்ளையாய் ஒரு பொட்டு:
எங்கள் பால் கவர்.
கண்ணைச் சுற்றிய முடிகளை எண்ணலாம்.
அதற்கு அந்தப் பக்கம் எல்லாம்
மூடுபனி.

லேப்டாப்பில் திறந்துவைத்துப்
பெருமையாய் உட்கார்ந்திருந்தேன்.
ஈரத்தலையைத் துவட்டியபடி வந்த ஷெரின்
மங்கலான பகுதியில் விரல்வைத்து
எண்ணினாள்.
"இந்தப் பக்கம் மூணு காலுதான் இருக்கு?"

மூன்று படத்திலும் மூன்றுதான்.
இன்னொன்று இருந்த இடத்தில்
மழுங்கிய ஒரு முனை.

எட்டுக் கால் என்று
ரெக்கார்டு நோட்டில் எத்தனை முறை எழுதியிருப்பேன்.
அவள் படிப்பது பி.காம்.

லென்ஸின் பின்நெம்பில் செருகிய காகித மடிப்பை
நாளைக்கு ஒரு சுற்று குறைக்கவேண்டும்.
துவாரம் சுருங்கும், படம் இருளும்,
கால்வரை தெளியலாம்.
பஸ்ஸுக்கு முன்னால் போய்விடவேண்டும்.

ஷெரின் ஐந்தேமுக்காலுக்கு
அலாரம் வைத்துவிட்டாள்.