திரும்பி வந்த சரக்கு

பொன்விழா மலருக்கு நாலு பக்கம்
எழுதிக் கொடு என்றார் சின்ன முதலாளி.
விற்றதையெல்லாம் பில் புத்தகமே சொல்லும்.
திரும்பி வந்ததைச் சொல்ல
ஷெட்டுக்குப் பின்னால்
எருக்கஞ்செடிதான் இருக்கிறது.

முதலில் வந்தது சேகோ வறுக்கும் தட்டு.
எழுபத்து நாலு, ஐப்பசி. ஆத்தூர்ப் பக்கத்து ஆலை.
நடுவில் அரை அங்குலக் குழி;
ஜவ்வரிசியெல்லாம் அங்கே போய்க் கூட்டம் போட்டதாம்.
குப்பண்ணன் லத்தீப்பைப் பார்த்தார்.
லத்தீப் சுத்தியலைப் பார்த்தார்.
மறுவாரம் கூலியில்லாமல் வேறு தட்டு போனது.
பழையதில் இன்றும் மழை தேங்குகிறது,
ஷெட் நாய் குடிக்கிறது.

அடுத்தது காபி உலர்த்தும் உருளை.
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
ஏற்காட்டு எஸ்டேட் வாசலில் நுழையாமல்
இருபதும் இறங்கி வந்தது.
அன்றே சுவரில் எழுதச் சொன்னார்கள்:
முதலில் வாசலை அள.
எழுதிய பையன் சிறப்பு ழகரம் போட்டுவிட்டான்.
முதலில் வாசலை அழ.
ஐந்து முறை வெள்ளையடித்தாயிற்று,
அந்த வரியைச் சுற்றித்தான் பிரஷ் போகிறது.

தொண்ணூற்று மூன்றில் பங்கு பிரிந்தது.
ஏனென்று கணக்கில் இல்லை,
எனக்கும் யாரும் சொல்லவில்லை.
லத்தீப் கொண்டலாம்பட்டியில் தனி ஷெட் போட்டார்.
பலகையில் அவர் பெயர் மட்டும் இங்கேயே நின்றது:
பற்றவைத்த எழுத்து,
வெட்டினால் பலகையே போய்விடும் என்றார் குப்பண்ணன்.
கட்டிங் டார்ச்சால் அதைவிட நுணுக்கமாய்
அவர் வெட்டி நான் பார்த்திருக்கிறேன்.

எட்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம்
டெம்போவில் தகடு ஏற்றிக்கொண்டு லத்தீப் வந்தார்.
அவருடைய ரோலிங் மிஷின் பழுது,
நாளைக்கு டெலிவரி,
ஒரு தொட்டிக்கு வளைவு வேண்டும்.
குப்பண்ணன் லுங்கியை மடித்துக் கட்டி
தானே மிஷினில் நின்றார்.
ஒரு முனையில் இவர், மறுமுனையில் அவர்,
"விடு", "பிடி", "போதும்".
அன்று நான் கேட்ட பேச்சு அவ்வளவுதான்.

முழு ரேட்டுக்கு பில் போடச் சொன்னார்.
லத்தீப் சில்லறை வரை எண்ணி வைத்தார்.
பிறகு ஆளுக்கொரு டீ வந்தது.
அந்த ஆறு ரூபாயை
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல்
திரும்பி வந்த சரக்கு என்று எழுதினேன்.
ஆடிட்டர் பென்சிலால் சுழித்த வட்டம்
இன்னும் இருக்கிறது.

படித்துவிட்டுச் சின்ன முதலாளி கேட்கிறார்:
ஏற்றுமதி எங்கே அண்ணா, ஐ.எஸ்.ஓ. எங்கே?
அதற்கெல்லாம் படம் இருக்கிறது தம்பி,
அட்டையில் போட்டுக்கொள்ளுங்கள்.