வெள்ளி டேப்

முஹரக்கில் அந்தச் சந்தின் வீடுகளை
மொட்டைமாடி வழியாகத்தான் எனக்குத் தெரியும்.
எந்த வீட்டுக் கம்ப்ரெஸர் இருமும்,
எந்தக் குழாயில் பூனைமுடி அடைக்கும்,
யார் பதினெட்டில் வைத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள்.
ஒன்பது வருஷம்.
முகங்களைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

ரமலான் பதினாலாம் இரவு.
நாற்பத்தேழாம் நம்பரில் கேஸ் ஏற்றிவிட்டு இறங்கினால்
சந்து முழுக்கப் பிள்ளைகள்.
சரிகை உடுப்பு, கழுத்தில் துணிப்பை,
வாசல் வாசலாய்ப் பாடி
கடலையும் மிட்டாயும் வாங்குகிற ராத்திரி.
ஏணியை நெஞ்சோடு அணைத்துச்
சுவரோரமாய் நகர்ந்தேன்.
வழி விடுவதில் எனக்கு நல்ல பயிற்சி.

அப்போதுதான் குதிரை முறிந்தது.

மரச்சட்டம், பச்சைத் துணி, நூல் பிடரி,
நடுவில் இடுப்பளவு ஓட்டையில் ஓர் ஆள்.
ஃப்ரீஸா என்கிறார்கள்.
எனக்கா தெரியாது?
பொய்க்கால் குதிரை. காலில் கட்டை மட்டும் இல்லை.
ஆடிய கனத்த மனிதர்
தொங்கிப்போன தலையை இரண்டு கையாலும் ஏந்தி
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வந்தவர்போல நின்றார்.
மேளம் நின்றது.
ஒரு சிறுமி அழத் தொடங்கினாள்.

யாரையும் கேட்கவில்லை, பையைத் திறந்துவிட்டேன்.
செம்புக்கம்பி இரண்டு முழம்,
டக்டுக்கு ஒட்டுகிற வெள்ளி டேப்.
கழுத்து நிமிர்ந்தது.
கொஞ்சம் வலப்பக்கமாய்ப் பார்த்தது,
ஆனால் நிமிர்ந்துதான் இருந்தது.

அவர் அசைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
சட்டத்தைக் கழற்றி
என் தலைவழியே இறக்கிவிட்டார்.
வேண்டாம் என்று சொல்ல வார்த்தை இல்லை;
என் அரபி மொத்தமும்
ரிமோட், தண்ணீர், நாளை, கெட்டுப்போச்சு.

ஆடினேன் என்று சொல்ல முடியாது.
சேஃப்டி ஷூவில் எவன் ஆடுவான்?
நாலு எட்டு முன்னே, இரண்டு பின்னே,
தகரக் கூரையில் கால் வைக்கிற ஜாக்கிரதையோடு.
மேளக்காரப் பையன்
எனக்காக வேகத்தைக் குறைத்தான்.

அழுத பெண் ஹெஸ்ஸாவாம்.
குதிரையின் வாயில் ஒரு பேரீச்சையைத் திணித்தாள்.
பிறகு கொஞ்சம் யோசித்து
எனக்கும் ஒன்று.
வாசலிலிருந்து ஓர் அம்மா ஏதோ கேட்டார்.
பெயராக்கும் என்று
"மகிழ்நன்" என்றேன், மூன்று தரம்.
அவர் கேட்டது டீயா, கஹ்வாவா.
இரண்டுமே வந்தது.

போகும்போது ஆளுக்கொரு கை அள்ளிப் போட்டார்கள்.
ஸ்பானர்மேல் கடலை, மீட்டர்மேல் மிட்டாய்.
கேம்ப்பில் தெலவார் பாதியைத் தின்றான்,
கதையை நம்பவில்லை.

மறுவாரம் நாற்பத்தேழில் தண்ணீர் ஒழுகல்.
கதவு திறந்தவர் போனிலிருந்து கண் எடுக்காமல்
மாடிப்படியைக் காட்டினார்.
நானும் படியைத்தான் பார்த்தேன்.
திரும்பும்போது ஒரு பொடியன்
வேன் கதவைத் தட்டி "ஃப்ரீஸா!" என்று கத்திவிட்டு
ஓடியே போனான்.

ஜூன். உச்சி வெயில். மொட்டைமாடி.
ஃப்யூஸ் தேடிய விரலில்
பை மூலையிலிருந்து ஒரு கடலை தட்டுப்பட்டது, தோலோடு.
உடைத்துத் தின்றேன்.
லேசாய்க் கம்ப்ரெஸர் ஆயில் வாசம்.