பத்து மணி நிழல்

டவுன்ஸ்வில். அருங்காட்சியகத்தின் பின்னறை.
ஏசி பழுது, கையுறைக்குள் வியர்வை.
பெட்டி பதினேழு: ஆர்ச்சி பென்ஹாலோ, ஓவியர்,
உருமறைப்புப் பிரிவு, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று.

முதல் நோட்டில் ஆட்கள்.
தகர மூடியைக் கண்ணாடியாக்கிச் சவரம் செய்பவன்,
கால்விரல் இடுக்கை விரித்துப் பார்ப்பவன்,
கொசுவலைக்குள் ஒருவன்: வலையை மட்டும்
கண் கண்ணாக வரைந்துவிட்டு
ஆளை விட்டுவிட்டார்.

இரண்டாவது நோட்டில் வேலை.
பெட்ரோல் தொட்டியை வீடாக்குவது எப்படி.
சாக்கு, கோழிவலை, சேற்று நிறப் பெயின்ட்.
தொட்டியின் வயிற்றில் நான்கு ஜன்னல்,
ஜன்னலில் திரை, திரையோரம் ஒரு பூனை.
பக்கத்தில் மேலதிகாரியின் சிவப்புப் பென்சில்:
இருபதாயிரம் அடியிலிருந்து பூனை தெரியாது.
அடுத்த பக்கத்திலும் பூனை இருக்கிறது.
கொஞ்சம் கொழுத்திருக்கிறது.

வேவு விமானம் காலை பத்துக்கு வருமாம்.
ஆகவே தரையில் தீட்டிய நிழலெல்லாம்
பத்து மணிக்கு, மேற்கே சாய்ந்தபடி.
பின்னேரம் நிஜ நிழல் கிழக்கே போய்விட
இது மட்டும் எழும்பாமல் கிடந்திருக்கும்,
வேலைக்குப் போகாத தம்பியைப் போல.

வெள்ளைத் துணி வெளியே காயப்போடக் கூடாது
என்கிறது ஓரக்குறிப்பு.
ஆங்கிலம்தான். ஆனால் அம்மாவின் சத்தம்.
கிளிநொச்சியில் இதையே கத்திக்கொண்டு
என் பள்ளிச் சட்டையைக் கொடியிலிருந்து இழுப்பாள்,
கிளிப் தெறித்து மணலில் விழும்.

பங்கருக்கு மேல் அப்பா பூசணி போட்டிருந்தார்.
அவருக்குப் படம் வராது.
எங்கே வளைய வேண்டுமென்று கொடிக்குத் தெரிந்திருந்தது.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனைப் பார்த்து
ஊர் சிரிக்கும்.
நாங்கள் ஏழு பேரைப் பூசணிக்குள் மறைத்தோம்.
காய்த்தபோது பிடுங்க விடவில்லை அப்பா.
கொடியை மிதித்தால் இலை குறையும்,
இலை குறைந்தால் நாங்கள் தெரிவோம்.
அந்த வருடம் பூசணி அழுகும் மணத்தில்தான்
ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பாடமாக்கினேன்.

மேலே இருந்தவன் எதைப் பார்த்தான் என்று
இதுவரை யாரும் எனக்கு வரைந்து காட்டவில்லை.

படிவத்தில் கேட்கிறார்கள்: பொருள், அளவு, நிலை.
ஓரம் கிழிசல். ஈரக்கறை. தேநீர்க் குவளை வைத்த வட்டம்.
'மற்றவை' என்ற சின்னக் கட்டத்தில்
இடம் போதாமல் நெருக்கி எழுதுகிறேன்:
பூனை, இரண்டு.